சிமெண்டுத் தரையில் ஒரு குளம்

அவருக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குவளை வைக்கக் கூடாது என்பது ஈப்போவில் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வைத்தால் விரலை விட்டுவிடுவார். குடிக்கிற தண்ணீரா, கை கழுவிய தண்ணீரா, ராவுத்தர் கடைக் கோப்பியா என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. சுட்டுவிரலை நனைப்பார், எதிரே இருக்கிற மேசையிலோ சுவரிலோ படம் போட ஆரம்பித்துவிடுவார். கடையின் பளிங்கு மேசையைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன ராவுத்தர் ஒருநாள், "டாக்டர், மனுஷன் கொடலையெல்லாம் என் மேசையில போட்டு வச்சா, மத்தவன் எப்படி லா சோறு திம்பான்?" என்று கேட்டே விட்டார். டாக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தக் குடலுக்குப் பக்கத்தில் ஒரு ஈரலையும் போட்டுவிட்டு எழுந்து போனார்.

நான் அங்கே ஆயாவாக இருந்தேன். செமோர் பக்கம் ஒரு கித்தா ரப்பர்த் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவள். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்ததால் பால்மரம் வெட்டப் போகாமல் தப்பித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில் இந்த வேலைக்கு வந்தேன். அவர் மதராஸில் படித்தவர். வெள்ளைக்காரப் பெரிய டாக்டருக்குக் கீழே சின்ன டாக்டர். ஒல்லியான ஆள். கோட்டின் வலது கை விளிம்பு எப்போதும் நனைந்து அழுக்கேறிக் கிடக்கும். அதைத் துவைக்கிற வண்ணான் அவரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

முதலில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் பொறுமைசாலி இல்லை. ஒருத்தன் வலியில் கத்திக்கொண்டிருக்கும்போது அவனுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து படம் போட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து கால் நசுங்கிய ஒரு சீனரைத் தூக்கி வந்தார்கள். டாக்டருக்குச் சீனம் வராது, அந்த ஆளுக்குத் தமிழும் மலாயும் வராது. டாக்டர் கட்டில் ஓரத்துப் பலகையில் ஒரு காலை வரைந்தார். எலும்பு எங்கே உடைந்திருக்கிறது, எங்கே வெட்டப்போகிறோம், எது மிஞ்சும் என்று கோடு கோடாகப் போட்டார். அந்த ஆள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். கடைசியில் தானே கையை நீட்டி, வெட்டும் கோட்டைக் கொஞ்சம் கீழே தள்ளிப் போட்டுக் காட்டினார். டாக்டர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். கீழேதான் வெட்டினார்கள்.

தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அவருடைய வேதமே அதுதான். மருந்து தீர்ந்துபோனாலும் பொறுப்பார். நோயாளிக்கோ நோயாளியின் ஆளுக்கோ புரியாமல் ஊசியை எடுக்க மாட்டார். பெரிய டாக்டர் இதைப் பார்த்து எத்தனையோ தடவை கடுகடுத்திருக்கிறார். ஏன் இப்படி என்று நானும் ஒருநாள் கேட்டேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில இருந்தேன். ஒரு பையனுக்கு மூளைக்காய்ச்சல். முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும். அவசரம்னு யார்கிட்டேயும் சொல்லாமப் போட்டுட்டேன். பையன் கத்துனான். அப்பன் ஓடி வந்து பார்த்தான். முதுகுல ஊசி நிக்குது. என்னைத் தள்ளிட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டான்."

"அப்புறம் ஐயா?"

"படகுத் துறைக்குப் போறதுக்குள்ளே முடிஞ்சுபோச்சு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததில்லை.

மூளைக்காய்ச்சல் என்றால் அவருக்கு ஒரு வெறி இருந்தது. அந்தச் சொல் காதில் விழுந்தால் முகமே மாறிவிடும். கேட்க ஆளில்லாமல் அந்தக் காய்ச்சலில் செத்துப்போன ஒரு சுரங்கக் கூலியைப் பிணவறையில் அறுத்தபோது, வாளி கொண்டுபோன என்னை நிறுத்தி, "இங்கே பாரும்மா" என்றார். பார்க்க மாட்டேன் என்றேன். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் போகவும் விடாமல் பேசிக்கொண்டே இருந்ததால் பார்த்துத்தான் தொலைத்தேன்.

மூளையைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அதன் அடிப்பக்கம் எனக்குத் தெரிந்தது. கழுத்திலிருந்து ஏறி வருகிற இரத்தக் குழாய்கள் அங்கே ஒன்றாகச் சேர்ந்து ஒரு வளையம் மாதிரி வளைந்திருந்தன. அந்த வளையத்தைச் சுற்றி, முட்டை ஓட்டுக்குள் இருக்குமே, அப்படி ஒரு மெல்லிய சவ்வு. சவ்வுக்கும் மூளைக்கும் நடுவில் குட்டை குட்டையாக இடம் விட்டிருந்தது.

"உயிரோட இருக்கும்போது இதெல்லாம் தெளிஞ்ச தண்ணி நின்ன இடம். குழாய்ங்க அந்தத் தண்ணிக்குள்ளதான் கிடக்கும். உள்ளே நுழையும்போது தண்ணியும் கூடவே ஒட்டிக்கிட்டுப் போகும். இப்போ பாரு, எல்லாம் சீழ். மூளைக்கு அடியில குளம் மாதிரி தேங்கிடுது. முதுகுல இருந்து எடுத்தா மேல இருக்கிறது கொஞ்சம் கொஞ்சமா இறங்கி வரும். வழி அடைச்சுட்டா வராது."

நான் வாளியை வைத்துவிட்டு வெளியே வந்து வாந்தி எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்து, என் பக்கத்தில் சுவரில் ஈரக் கையால் அந்த வளையத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

அந்த வருஷக் கோடையில் எங்கள் தோட்டத்து லயத்தில் கழுத்து இழுக்கிற காய்ச்சல் வந்தது. பிள்ளைகள் செத்தார்கள். என் அக்காவுக்கு ஒரே மகள், அஞ்சலை. அப்போதுதான் பால்பற்கள் விழ ஆரம்பித்திருந்தன. வாயாடி என்றால் அப்படி ஒரு வாயாடி. வேலை வாங்குகிற மண்டோரையே பெயர் சொல்லிக் கூப்பிட்டு வம்புக்கு இழுப்பாள். அவளைத் தோட்டத்து மாட்டுவண்டியில் போட்டு அக்காவும் மச்சானும் கொண்டு வந்தபோது அவள் உடம்பு பின்பக்கமாக வில்லாய் வளைந்திருந்தது. வெளிச்சம் பட்டால் அலறினாள்.

டாக்டர் பார்த்தார். கழுத்துக்குக் கீழே கை கொடுத்து மெல்லத் தூக்கினார். தலை தனியாக வரவில்லை; தோளும் சேர்ந்து கட்டையாக எழுந்தது. உடனே ஊசியை எடுப்பார் என்று நான் தட்டத்தோடு நின்றேன். அவர் தண்ணீர்க் குவளையை எடுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, பிள்ள செத்துக்கிட்டு இருக்கு" என்று கத்திவிட்டேன்.

"தெரியும். அதனாலதான்" என்றார். அக்காவையும் மச்சானையும் தரையில் உட்காரச் சொன்னார். கழுத்திலிருந்து ஏறும் இரண்டு கோடு, அவை சேர்ந்து ஒரு வளையம், வளையத்தைச் சுற்றிக் குளம். "இது அவளோட மூளைக்கு அடிப்பக்கம். இந்தத் தண்ணி கெட்டுப்போச்சு, அளவுக்கு மேல ஏறிப்போச்சு. மூளையை நெருக்குது. முதுகு வழியா எடுக்கணும். எடுத்துட்டு அந்த வழியாவே மருந்து ஊத்தணும். குதிரை ரத்தத்துல இருந்து செஞ்ச மருந்து. ஒருநாள் போட்டாப் போதாது."

குதிரை என்றதும் மச்சான் எழுந்துவிட்டார். "மந்திரிக்கக் கொண்டுபோலாம் புள்ள, வா" என்று அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. அந்த ஈரக் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது.

"தண்ணிய எடுத்தா பொழைக்குமா?" என்று கேட்டாள்.

"எடுக்காட்டி பிழைக்காது. எடுத்தா பிழைக்கலாம். அவ்வளவுதாம்மா என்னால சொல்ல முடியும்."

"எடுங்க" என்றாள் அக்கா.

நான் அஞ்சலையை முழங்காலும் நெற்றியும் ஒட்டும்படி சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். ஊசி வழியாக வந்த நீர் அரிசி கழுவிய தண்ணீரைப்போலக் கலங்கலாக இருந்தது. அடுத்தடுத்த நாட்களும் எடுத்தார், மருந்து ஏற்றினார். கழுத்து கொஞ்சம் இளகியது. ஒருநாள் காலையில் அஞ்சலை கண்ணைத் திறந்து, "சித்தி, தண்ணி" என்றாள். நான் அழுதே விட்டேன். கொடுக்கச் சொல்லி அக்காவிடம் குவளையைத் தந்துவிட்டு, பிரசவ வார்டில் ஆள் இல்லை என்று கூப்பிட்டதால் ஓடினேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஊட்டுவது கூட இருக்கிறவர்கள் வேலைதான்.

அதற்குப் பிறகு அவள் மறுபடி சரிந்தாள். காய்ச்சல் ஏறியது. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. தண்ணீர் குடித்தாளா என்று நான் கேட்கிறபோதெல்லாம், "குடிச்சா, குடிச்சா" என்றாள் அக்கா. டாக்டர் முதுகில் ஊசி போட்டார், ஒன்றும் வரவில்லை. இன்னொரு எலும்பிடைவெளியில் போட்டார். ஊசி முனையில் ஒரு துளி எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது. அவர் முகம் கறுத்துவிட்டது.

அக்காவைக் கூப்பிட்டு மறுபடி தரையில் வரைந்தார். இந்த முறை வளையத்துக்குக் கீழே ஒரு குறுக்குக்கோடு. "வழி இங்கே அடைச்சுக்கிச்சு. கீழே ஒண்ணும் வரலை. மேலே இருந்துதான் எடுக்கணும். பிடரியில, மண்டை ஓடு முடியற இடத்துல ஊசி போடணும். அங்கேயும் ஒரு குளம் இருக்கு. ஆனா அதை ஒட்டித்தான் மூச்சுக்கான இடம் இருக்கு. ஊசி ஒரு நூல் அதிகமாப் போனா மூச்சு நின்னுடும்."

இந்த வேலையை அவர் உயிரோடிருக்கிற ஆளுக்குச் செய்து நான் பார்த்ததில்லை. பிணவறையில் செய்து பழகியதைப் பார்த்திருக்கிறேன். அக்கா தலையாட்டினாள். மச்சான் வாசலுக்கு வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

பிடரி மயிரை நான்தான் மழித்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையை முன்னால் குனியவைத்தேன். டாக்டர் கட்டைவிரலால் பிடரியைத் தடவி இடம் பார்த்தார். ஊசியை எடுத்தார். அஞ்சலையின் உதடு வெடித்துக் கிடந்தது. பார்க்கப் பொறுக்காமல், ஈரத்துணியால் அதை மெல்லத் துடைத்தேன்.

அவள் துணியைக் கவ்வினாள். கண் திறக்கவில்லை, முனகவில்லை, ஆனால் பல்லால் கவ்வி உறிஞ்சினாள். என் விரலும் சேர்ந்து கடிபட்டது.

"ஐயா, நில்லுங்க!"

ஊசி தோலுக்குப் பக்கத்தில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தத் துணியைப் பார்த்தார். பிறகு அவள் கையின் தோலைக் கிள்ளி இழுத்து விட்டார். கிள்ளிய மடிப்பு, தண்ணீர் வற்றிய உடம்பில் நிற்பதுபோல, அப்படியே நின்றது.

"அக்கா, உண்மையச் சொல்லு. இது தண்ணி குடிச்சுச்சா இல்லையா?" என்று கேட்டேன்.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். நான் போய் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். அந்தக் கோடையிலும் கீழே மண் சேறாகக் கிடந்தது.

"வெளியே ஊத்திட்டேன்டி" என்றாள் அக்கா. "மூளையில தண்ணி ஏறிப்போச்சு, எடுக்கணும்னு அவருதானே தரையில போட்டுக் காட்டுனாரு? ஒரு பக்கம் அவரு எடுக்கிறாரு. இன்னொரு பக்கம் நான் ஊத்துனா எப்படிடி கொறையும்? தண்ணி தண்ணின்னு அழுதுச்சு. நான் மனசக் கல்லாக்கிக்கிட்டு இருந்தேன். அப்புறம் அழுகையும் நின்னுபோச்சு. கொறையுதுன்னு நெனச்சேன்."

எனக்கு அவளை அறைய வேண்டும்போல இருந்தது. கையைக்கூட ஓங்கிவிட்டேன். டாக்டர் ஊசியைத் தட்டத்தில் வைக்கும் சத்தம் கேட்டது.

"அவங்களைத் திட்டாதே" என்றார். "படத்துல நான் போட்டது மூளை, குழாய், குளம். வாயைப் போடலை. தொண்டையைப் போடலை. உடம்புல வேற எங்கேயும் தண்ணி இருக்கிறதா அந்தப் படத்துல இல்லை. பார்த்தவங்க வேற எப்படிப் புரிஞ்சுக்குவாங்க?"

அவர் கை பழக்கத்தில் குவளைக்குப் போனது. விரல் தண்ணீருக்கு மேலே வந்து நின்றது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, காய்ந்த விரலைக் கோட்டில் துடைத்துக்கொண்டார்.

"அடைப்பே இல்லாம இருக்கலாம். உடம்பு காய்ஞ்சதால கூட கீழே வராம இருந்திருக்கலாம். இப்போ பிடரியில போட வேண்டாம். முதல்ல உடம்புக்குத் தண்ணி" என்றார். வாயால் மட்டும்தான் சொன்னார்.

அவள் விழுங்குகிறாளா என்று பார்த்துப் பார்த்துக் கரண்டியால் ஊட்டினோம். தொடைத் தோலுக்குக் கீழே உப்புநீர் ஏற்றினார். அந்தப் பகல் முழுக்க அவர் வேறு கட்டிலுக்குப் போகவில்லை. தன் கணக்கு தவறி, உண்மையிலேயே அடைப்பாக இருந்தால் இந்தத் தாமதமே அவளைக் கொன்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருந்தது. அக்கா கரண்டியைப் பிடிக்கப் பயந்து மூலையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர்தான் அவளைக் கூப்பிட்டுக் கரண்டியைக் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலையில் முதுகில் ஊசி போட்டார். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒரு துளி வந்தது. நின்றது. பிறகு இன்னொன்று, பிறகு விடாமல் சொட்டத் தொடங்கியது. டாக்டர் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கலங்கல் குறைந்திருந்தது. "வருது" என்றார்.

அஞ்சலை பிழைத்தாள். எலும்பும் தோலுமாக வீட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு டாக்டர் படம் போடவில்லை. நோயாளிக்கு முன்னால் உட்கார்ந்து சொல்லுவார், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பார், ஆனால் விரலை நனைக்க மாட்டார். "என்ன டாக்டர், மேசை காஞ்சுபோய்க் கிடக்கு?" என்று ராவுத்தரே கேட்டார். அவர் கோப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தார். மற்றவர்களுக்கு நிம்மதி. எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. முன்பெல்லாம் எரிச்சலூட்டிய அந்த ஈர விரலைத் திரும்பப் பார்க்க மாட்டோமா என்று ஏங்கினேன்.

மழைக்காலம் தொடங்கியபோது அவரைத் தைப்பிங்குக்கு மாற்றி உத்தரவு வந்தது. போவதற்கு முன்னால் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி அக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். அக்கா வந்தாள். அஞ்சலை கொஞ்சம் சதை போட்டிருந்தாள். ஆனால் முகத்தில் ஒரு கடுகடுப்பு. அக்கா தொட்டால் தோளை உதறினாள்.

"கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குதுங்க ஐயா. வாயும் பேச மாட்டேங்குது. வீட்டுக்கு வந்ததுல இருந்து ஒரு வார்த்தை இல்ல. இவ அப்பா ஊமையாப் போச்சுங்கிறாரு."

டாக்டர் அவளுக்குப் பின்னால் போய் ஒரு தகரத் தட்டத்தைத் தரையில் போட்டார். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அஞ்சலை மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அக்காவுக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தட்டம் விழுந்ததை அவளும் பார்த்தாள்.

நான் பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் குவளையை இறுக்கிப் பிடித்துக் குடித்தாள். மிச்சம் இருந்ததை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு தரையில் உட்கார்ந்தாள். விரலை உள்ளே விட்டு எடுத்தாள். கீழிருந்து ஏறும் இரண்டு கோடு போட்டாள். அவற்றைச் சேர்த்து ஒரு வளையம். வளையத்தைச் சுற்றிக் குளம்.

"ஐயோ, இவ அன்னிக்கு நெனவில்லாமத்தானே கெடந்தா!" என்றாள் அக்கா.

அஞ்சலை நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். அவர் கோட்டோடு அந்த ஈரத்தரையில் உட்கார்ந்தார். அவள் யோசித்துவிட்டுக் குவளையை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். அவர் விரலை நனைத்தார். அவள் போட்ட குளத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு நரம்பை இழுத்தார். அதன் நுனியில் ஒரு காதை வரைந்தார். வரைந்ததைக் காட்டி அவள் காதைத் தொட்டார். பிறகு கட்டைவிரலால் அந்த நரம்பை நடுவில் துடைத்து அழித்தார்.

அஞ்சலை அழிந்த இடத்தைப் பார்த்தாள். தன் காதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு எங்கள் வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். என்னுடையதை, அக்காவுடையதை, டாக்டருடையதை.

"அப்போ நீங்கள்லாம் பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்களா?" என்றாள். பல நாள் பூட்டிவைத்த குரல் கரகரவென்று வந்தது. "எம்மேல கோவத்துல யாரும் பேசலன்னு நெனச்சேன்."

டாக்டர் தலையாட்டினார். பேசிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று திரும்பத் திரும்பத் தலையாட்டினார். அவர் கண்ணீர் கோட்டில் விழுந்தது.

அஞ்சலை எழுந்து போய் அக்காவின் மடியில் ஏறி, ஈர விரல்களை அவள் உதட்டின்மேல் வைத்தாள். "பேசு" என்றாள்.

அக்காவுக்கு முதலில் வாய் கோணிக்கொண்டுதான் போனது. பிறகு, "தண்ணி வேணுமாடி, கண்ணு?" என்றாள். கையை எடுக்காமல் அஞ்சலை அந்த வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.